சொந்தக் கையால் கட்டும் ஸ்போர்ட்ஸ் கார்: ஒரு பொழுதுபோக்கும் அதற்கு இடம் தந்த சட்டங்களும்

கார் வாங்குவதென்றால் நமக்குத் தெரிந்தது ஒரே வழி. ஷோரூமில் நிறம் தேர்ந்தெடுத்து, வங்கிக் கடனுக்குக் கையெழுத்திட்டு, மாலை சாற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வீட்டுக்கு ஓட்டி வருவது. பிரிட்டனில் முக்கால் நூற்றாண்டாக இன்னொரு வழியும் இருக்கிறது. சேசிஸ் தனியாக, பாடி தனியாக, மற்றவையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் லாரியில் வந்து இறங்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றியவையாக இருக்கும். ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய வீட்டு ஷெட்டில், மாலைகளிலும் வார இறுதிகளிலும், கணக்கராகவோ பள்ளி ஆசிரியராகவோ வேலை பார்க்கும் ஒருவர் அவற்றைப் பூட்டிக் காராக்குவார். பிறகு அரசு அதிகாரியிடம் காட்டி, சோதனையில் தேறி, பதிவெண் பெற்றுச் சாலைக்குக் கொண்டுவருவார். இதுதான் கிட் கார்.

இந்தப் பொழுதுபோக்கு எங்கே, ஏன் தோன்றியது, அதற்கு என்ன வேலை தெரிந்திருக்க வேண்டும், அது என்ன தருகிறது, எதற்கு அஞ்ச வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க இந்தக் கட்டுரை முயல்கிறது. இவற்றுக்கு நடுவே ஒரு கருத்தையும் முன்வைக்க விரும்புகிறேன். இயந்திர ஆர்வம் எல்லா நாட்டிலும் உண்டு; கைத்திறனும் உண்டு. ஆனால் தனிமனிதர் ஒருவர் செய்த வாகனத்தைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும் வழியைச் சட்டம் வைத்திருக்கும் நாடுகளில்தான் கிட் கார் வேரூன்றியது. அந்த வழி இல்லாத இடத்தில் எவ்வளவு திறமை இருந்தாலும் அது பந்தயத் தளத்தின் வேலியைத் தாண்டவில்லை.

வரிச் சட்டத்தில் ஓர் இடைவெளி

ஆஸ்டின் செவனிலிருந்து தொடங்க வேண்டும். 1922 முதல் 1939 வரை உற்பத்தியான இந்தச் சின்னக் கார்தான் பிரிட்டனின் நடுத்தரக் குடும்பங்களுக்கு முதன்முதலாகக் கார் வசதியைக் கொடுத்தது. எஞ்சின் வெறும் 747 சிசி. சேசிஸ் எளிய அமைப்பு. மேலே உள்ள பாடியைத் தனியே தூக்கி எடுத்துவிடலாம். போருக்குப் பிறகு புதுக் கார்கள் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போனதால் உள்ளூரில் கிடைப்பது அரிதாயிற்று. பாடி இற்றுப்போன பழைய செவன்களோ மலிவாகக் கிடைத்தன. இளைஞர்கள் அந்தப் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, இலேசான அலுமினியத் தகட்டில் தாங்களே ஒன்றைச் செய்து மாட்டினார்கள். இப்படிப் பிறந்த கார்களுக்கு ‘ஸ்பெஷல்’ என்று பெயர். 1939-இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப் இவர்களை ஒன்றுசேர்த்துப் பந்தயங்களையும் நடத்தியது. லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சாப்மன் 1948-இல் கட்டிய முதல் காரும் ஒரு பழைய ஆஸ்டின் செவனிலிருந்து உருவானதே.

பிரிட்டன் 1940-இல் கொள்முதல் வரியைக் கொண்டுவந்திருந்தது. 1950-களில் காருக்கான வரி 50 சதவீதத்தையும் தாண்டியது. முழுக் காருக்குத்தான் இந்த வரி. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் கிடையாது. சாப்மன் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார். 1952-இல் வந்த லோட்டஸ் மார்க் சிக்ஸ் பாகங்களாகவே விற்கப்பட்டது. 1957-இல் வந்த லோட்டஸ் செவனை வரியோடு முழுக் காராக வாங்கினால் 1,036 பவுண்டு. பாகங்களாக வாங்கினால் 536 பவுண்டு. பூட்டும் முறையை விளக்கும் ஏடு எதையும் தரக்கூடாது என்பது வரித்துறையின் நிபந்தனை என்றும், அதனால் லோட்டஸ் காரைக் கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்து, வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள் என்றும் இந்த வட்டாரத்தில் இன்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் சிறு நிறுவனங்களின் காலம். ஜினெட்டா, டிவிஆர், வேல்ஸ் நாட்டின் கில்பர்ன் எல்லாம் கார்களைப் பாகங்களாக விற்றன. 1959-இல் தொடங்கிய மார்கோஸ் நிறுவனம் ஒட்டுப்பலகையில் சேசிஸ் செய்தது. அதன் தோற்றுநர்களில் ஒருவரான ஃபிராங்க் காஸ்டின் டி ஹாவிலண்ட் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர். விமானத் துறையின் மரவேலை அறிவைக் காருக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் உலகச் சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் தொடக்ககாலத்தில் மார்கோஸ் ஓட்டியவர்.

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. பாகங்களுக்கும் அது பொருந்தும் என்பதால் விலைச் சலுகை மறைந்தது. கில்பர்ன் உள்ளிட்ட பல நிறுவனங்கள் மூடப்பட்டன. லோட்டஸ், செவனின் உரிமையைத் தன் விற்பனையாளரான கேட்டரம் கார்ஸுக்கு விற்றுவிட்டுப் பெரிய கார்களின் பக்கம் போனது. வரியை மிச்சம் பிடிப்பதற்காக மட்டுமே மக்கள் கார் கட்டியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கேட்டரம் செவன் இன்றுவரை உற்பத்தியாகிறது. பிரிட்டனில் இன்றும் பெட்டிகளில் வாங்கிப் பூட்டலாம். 1980-களில் வெஸ்ட்ஃபீல்டு முதலான புதிய நிறுவனங்களும் முளைத்தன. அந்தப் பொழுதுபோக்கைப் பிறப்பித்தது வரி. அதைப் பிழைக்க வைத்தது கட்டும் ஆசை.

பீட்டிலும் ஃபைபரும்

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே தூண்டுகோலாக இருந்தவை ஃபைபர் கிளாஸும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும். தகட்டை அழுத்திப் பாடி செய்யப் பெரிய அச்சு இயந்திரங்கள் வேண்டும், கோடிக்கணக்கில் முதலீடு. ஃபைபருக்கு ஒரு மோல்டும் பிசினும் கண்ணாடி இழை விரிப்பும் போதும். படகு கட்டுபவர்களுக்கு அது கைவந்த கலை. கலிஃபோர்னியாவில் படகு வேலை தெரிந்த புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கடற்கரை மணலில் ஓட்ட ‘மேயர்ஸ் மேன்க்ஸ்’ என்ற ஃபைபர் பக்கியைச் செய்தார். பின்னர் விற்பனைக்கு வந்த வடிவத்தில் பீட்டிலின் அடித்தளத்தை ஓர் அடிக்கு மேல் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் ஃபைபர் பாடியைப் பொருத்தினார்கள். பீட்டிலின் பாடி அடித்தளத்தோடு போல்ட்டில் நிற்பது, எஞ்சின் பின்னால், குளிர்விக்கக் காற்றே போதும், ரேடியேட்டர் கிடையாது. இதைவிட எளிதாகப் பிரிக்கக்கூடிய கார் வேறில்லை. 1967-இல் மேயர்ஸும் நண்பர் ஒருவரும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை 34 மணி 45 நிமிடத்தில் கடந்து, மோட்டார் சைக்கிள்களின் சாதனையை முறியடித்தார்கள். தேவை குவிந்தது, கூடவே நகல் எடுப்பவர்களும் குவிந்தார்கள். காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றார். 1970-களின் தொடக்கத்தில் அவரது நிறுவனம் மூடப்பட்டது. தன் படைப்பு உலகெங்கும் ஓடுவதைப் பார்த்தும் அதனால் பயன்பெறாமல் போன ஒருவரின் கதை அது.

நகல் என்பது கிட் கார் உலகின் தீராத பிணக்கு. ஏசி என்ற பிரிட்டன் நிறுவனத்தின் காரில் ஃபோர்டு வி8 எஞ்சினைப் பொருத்தி கரோல் ஷெல்பி 1962-இல் உருவாக்கிய கோப்ரா, அசலாக ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில்தான் செய்யப்பட்டது. அதன் நகல்கள் பல மடங்கு. 1995-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ் நிறுவனம், பழைய ஃபோர்டு மஸ்டாங்கின் எஞ்சினையும் அச்சுகளையும் கொண்டு கோப்ரா வடிவக் காரை வீட்டிலேயே கட்டும் வழியைக் கொடுத்து வளர்ந்தது. ‘மயாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் பார்த்த ஃபெராரி டேட்டோனா, கார்வெட் காரின்மேல் கட்டிய ஒரு நகல். ஃபெராரி இத்தகைய நகல்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. ஒரு வழக்கில் 1991-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காரின் வெளித்தோற்றமே வணிக அடையாளமாகப் பாதுகாக்கத்தக்கது என்று தீர்ப்பளித்தது.

இதில் என் நிலை தெளிவானது. பிரபலமான ஒரு சின்னத்தை ஒட்டிக்கொண்டு, பார்ப்பவரை ஏமாற்றுவதற்கென்றே செய்த காரில் கைவேலை இருக்கலாம், மதிப்பு இல்லை. அசலை வாங்க வாய்ப்பே இல்லாத ஒருவர், நகல் என்று சொல்லிக்கொண்டே அந்த வடிவத்தைக் கட்டி ஓட்டுவது வேறு. எல்லாவற்றிலும் உயர்ந்தது, வேறெதையும் நடிக்காமல் தனக்கென்று ஒரு வடிவம் கொண்ட கார். லோட்டஸ் செவன் வகைக் கார்களின் பெருமை அங்கேதான் இருக்கிறது.

எடை என்னும் கணக்கு

கிட் கார் ஏன் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் காராகவே இருக்கிறது? குடும்பக் காரை வீட்டில் கட்டுவதில் இலாபமில்லை. கதவு, கண்ணாடி, ஏசி, தண்ணீர் புகாத ரப்பர் விளிம்பு ஆகியவற்றில் பெரிய தொழிற்சாலையோடு தனிமனிதர் போட்டியிட முடியாது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டால் எஞ்சுவது வேகமும் இலேசும். அங்கே தொழிற்சாலையைத் தனிமனிதர் வெல்ல முடியும்.

கணக்கு எளிது. 2021-இல் வந்த கேட்டரம் செவன் 170-இல் இருப்பது சுசுகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின்; 84 குதிரைத்திறன். காரின் எடை 440 கிலோ. ஒரு டன்னுக்கு 190 குதிரைத்திறன் என்ற கணக்கு வருகிறது. அதே எஞ்சினை 1,000 கிலோ எடையுள்ள சாதாரணக் காரில் வைத்தால் டன்னுக்கு 84 மட்டுமே. எடை குறைந்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் குறையும், டயர் மெதுவாகத் தேயும், ஸ்பிரிங்கை மென்மையாக வைத்தாலும் வளைவில் கார் அதிகம் சாயாது. இந்தக் குடும்பத்தின் மறுகோடியில் நிற்கும் 620 ஆர், 310 குதிரைத்திறனை 600 கிலோவுக்கும் குறைந்த எடையில் சுமக்கிறது. மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை மூன்று விநாடிக்குள் எட்டிவிடும்.

இந்த இலேசுக்குக் காரணம் சேசிஸின் அமைப்பு. மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்த கூண்டு அது. கீற்றுப் பந்தலில் குறுக்குக் கழி கொடுத்ததும் ஆட்டம் நின்றுவிடுவதைப் போல, ஒவ்வொரு நாற்சதுரத்திலும் ஒரு மூலைவிட்டக் குழாய் பாய்ந்ததும் கூண்டு முறுக்கத்தை எதிர்த்து நிற்கிறது. அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து ஒட்டினால் விறைப்பு இன்னும் கூடும். சேசிஸ் முறுக்கினால் சஸ்பென்ஷன் தன் வேலையைச் செய்ய முடியாது என்பதுதான் இதில் கற்க வேண்டிய முதல் பாடம்.

ஷெட்டுக்குள் நடக்கும் வேலை

கட்டுபவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எவ்வளவு வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்வது என்பது. மூன்று நிலைகளைச் சொல்லலாம். முதலாவது, எல்லாப் பாகங்களும் புதிதாகப் பெட்டியில் வருவது. கேட்டரம் இவ்வகை. வெல்டிங் தேவையில்லை, ஸ்பானரும் டார்க் ரெஞ்சும் பொறுமையும் போதும், நூறு மணி நேரத்தை ஒட்டிய வேலை. இரண்டாவது, சேசிஸும் பாடியும் புதிது, மற்றவை ஒரு பழைய காரிலிருந்து. மூன்றாவது, சேசிஸையே தானே வெட்டி வெல்டிங் செய்வது.

மூன்றாம் நிலையை எளிய மக்களிடம் கொண்டுபோனது ஒரு புத்தகம். பள்ளி ஆசிரியரான ரான் சாம்பியன், 250 பவுண்டு செலவில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சொல்லி, ஹெய்ன்ஸ் பதிப்பகத்தின் வழியாக 1996-இல் வெளியிட்டது அது. ஓர் அங்குலச் சதுரக் குழாய், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்று, கடன் வாங்கிய வெல்டிங் மெஷின். இதிலிருந்து உருவான கார்களுக்கு ‘லோகாஸ்ட்’ என்று பெயர் நிலைத்தது. 750 மோட்டார் கிளப் அதற்கெனத் தனிப் பந்தயத் தொடரையே நடத்தியது.

பாகங்களுக்காகப் பிரிக்கும் பழைய கார் எது என்பது காலத்தோடு மாறியது. எஞ்சின் முன்னால் நீளவாக்கில் இருந்து, பின்சக்கரத்தை இயக்க வேண்டும். செவன் வடிவத்துக்கு அதுவே பொருந்தும். ஃபோர்டு எஸ்கார்ட் 1980-இல் முன்சக்கர இயக்கத்துக்கு மாறியதும் கட்டுபவர்கள் சியராவுக்குப் போனார்கள். 1993-இல் அதுவும் நின்றது. பிறகு மஸ்டா எம்எக்ஸ்-5 அந்த இடத்தைப் பிடித்தது. அதன் பாடி துருப்பிடிக்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் நிற்கும். பாடி இற்றதால் விலை விழுந்த கார், பாகம் தேடுபவருக்குப் புதையல். வேகப் பிரியர்கள் சிலர் ஹயபுசா போன்ற மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கூடப் பொருத்துகிறார்கள்.

அனுபவசாலிகள் பழைய காரை ஓடும் நிலையில் வாங்கி, சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகே பிரிப்பார்கள். கிளட்ச் நழுவுகிறதா, இரண்டாம் கியர் உறுமுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் சிறு பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். வேண்டாத சீட்டு, கதவு, விளக்குகளை விற்றால் செலவில் ஒரு பகுதி திரும்பி வரும்.

அடுத்து சேசிஸ். தானே வெல்டிங் செய்பவர், குழாய்களைத் தட்டையான பலகையில் வைத்து முழுக் கூண்டையும் முதலில் புள்ளிப் புள்ளியாகப் பிடிக்க வைத்துவிட வேண்டும். ஒரு மூலையை முழுதாக வெல்டிங் செய்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சூடு இழுத்து, கூண்டு கோணிக்கொள்ளும். சஸ்பென்ஷன் கைகளில் உள்ள ரப்பர் புஷ்களை, கார் தன் எடையில் தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தூக்கி வைத்திருக்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். காரை வாங்கி மட்டும் ஓட்டுபவருக்கு இந்த அறிவு எக்காலத்திலும் தேவைப்படாது. கட்டுபவருக்கோ இதுவே தினசரிச் சாப்பாடு.

பிரேக்கில் இன்னும் ஆழமான பாடம் இருக்கிறது. பழைய காரின் பிரேக் 1,200 கிலோவுக்குக் கணக்கிட்டது. அதில் பாதி எடையுள்ள காரில் அதையே அப்படியே பொருத்தினால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலை கெடும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் நேராகச் சறுக்கும். இரண்டாவதே ஆபத்து குறைந்தது. அதற்கேற்பப் பின் பிரேக்கின் விசையைக் குறைத்தாக வேண்டும். பிரேக் குழாய் எந்த இடத்திலும் உரசக் கூடாது. ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கிளிப். கடைசியில் குழாயிலுள்ள காற்றை முழுதும் வெளியேற்றிப் பெடல் கல்லைப்போல நிற்கும்வரை விடக் கூடாது.

பலரும் அஞ்சுவது ஒயரிங்குக்கு. இரும்புப் பாடி கொண்ட காரில் விளக்கின் ஒரு முனையைப் பாடியில் தொட்டாலே எர்த் கிடைத்துவிடும். ஃபைபர் மின்சாரம் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மங்குவது போன்ற விநோதங்களில் பாதி, மோசமான எர்த்தால் வருபவை. அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் மின்சுற்று என்றால் என்ன என்பதை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகச் சேர்த்து, செயின் பிளாக்கிலோ சிறு கிரேனிலோ தொங்கவிட்டு, மேலிருந்து சாய்த்து இறக்குவார்கள். விரல் நுழையாத இடைவெளி. முதன்முதலாக ஸ்டார்ட் செய்வதற்குமுன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் மீட்டரின் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றுவது நல்ல வழக்கம். நீண்ட நாள் சும்மா கிடந்த எஞ்சின் எண்ணெய் இல்லாமல் சில விநாடி ஓடினாலும் பேரிங் கெடும். இறுதியாக வீல் அலைன்மென்ட். ஓட்டுநரின் எடையைச் சீட்டில் வைத்து, நான்கு சக்கரத்தின் கீழும் தராசு வைத்து, மூலைக்கு மூலை எடையைச் சரிசெய்வார்கள். இவ்வளவு இலேசான காரில் ஓட்டுநரே ஒரு பெரிய பாரம்.

செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய பொருள்களின் விலையை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். போல்ட், ஹோஸ் கிளிப், பெயின்ட், ஒயர், கையில் இல்லாத கருவிகள் ஆகியவற்றைச் சேர்க்க மறப்பார்கள். கிட் கார் மலிவான கார் என்று நம்பி இறங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் பணத்தில் ஓடும் நிலையிலுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் எளிதில் கிடைக்கும். செலவிடும் பணத்தின் பெரும்பகுதி கற்றலுக்கான கட்டணம் என்று ஏற்பவரே கடைசிவரை நிற்பார்.

அரசு வைக்கும் தேர்வு

1998-வரை பிரிட்டனில் இத்தகைய கார்களுக்குச் சாதாரணச் சாலைத்தகுதிச் சோதனையே போதுமாக இருந்தது. அந்த ஆண்டு ஒற்றை வாகன ஒப்புதல் முறை வந்தது. 2009-இல் அதைவிடக் கடுமையான தனி வாகன ஒப்புதல், சுருக்கமாக ஐவிஏ, அதன் இடத்துக்கு வந்தது. அரசுச் சோதனை மையத்தில் பரிசோதகர் மணிக்கணக்கில் ஒரே காரைப் பார்ப்பார். பிரேக் சமநிலை, சீட் பெல்ட் பிடிக்கும் இடம், விளக்கின் கோணம், கண்ணாடியில் தெரியும் பரப்பு, சத்தம், புகை, ஸ்பீடோமீட்டரின் துல்லியம் எல்லாம் அளக்கப்படும். வெளியே நீட்டிய விளிம்பு எதுவும் கூர்மையாக இருக்கக் கூடாது, குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரமாவது உருண்டிருக்க வேண்டும். அதனால்தான் சோதனைக்கு வரும் கார்களில் போல்ட் தலைகள் பிளாஸ்டிக் மூடி அணிந்திருக்கின்றன. திருப்பிய ஸ்டியரிங்கைத் தளரவிட்டால் அது தானாக நேர்நிலை நோக்கித் திரும்ப வேண்டும். முன்பக்கம் இலேசான செவன் வகைக் கார்கள் பல இந்த இடத்தில் தடுமாறும். தோற்றால் குறைகளின் பட்டியல் கையில் கிடைக்கும். திருத்தி மீண்டும் வரலாம்.

பதிவெண்ணிலும் நேர்மை உண்டு. முழுக்கப் புதிய பாகங்களால் கட்டிய காருக்கு நடப்பு ஆண்டின் எண் கிடைக்கும். பாகங்களின் வயது தெரியாத காருக்குக் ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் எண். வாங்குபவர் அதைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

ஜெர்மனியிலும் தனி வாகனச் சோதனை உண்டு. அது இன்னும் கறாரானது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியா ஆண்டுக்கு முதல் 500 வாகனங்களுக்கு மட்டும் புகை விதிகளில் சலுகை தருகிறது. இந்த ஏற்பாடுகளை ஒப்பிட்டால் ஒன்று தெரிகிறது. கடுமையான சோதனை இந்தப் பொழுதுபோக்கைக் கொல்லவில்லை. அதற்குக் கௌரவம் கொடுத்தது. ஐவிஏ வந்தபோது எதிர்த்தவர்கள் உண்டு. ஆனால் பிரேக் கணக்கைச் சரிவரப் போடாத கார் சாலைக்கு வராமல் தடுக்கப்பட்டது கட்டுபவர்களுக்கும் நன்மையே. நிறுவனங்களும் தேறக்கூடிய வகையில் தங்கள் கிட்டுகளைத் திருத்தின.

ஓடத் தொடங்கிய பிறகு

கிட் கார் வைத்திருப்பது கட்டி முடித்தவுடன் நிறைவடைவதில்லை. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒவ்வொரு நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பாகங்கள் அமர இடம் தேடும், அதிர்வு தளர்த்தும். பின்னர் கார் பேசும் மொழி புரியத் தொடங்கும். எங்கோ ஒரு சிறு தட்டல் கேட்டால், எந்தப் புஷ் அது என்று கட்டியவருக்குத் தெரியும். ஏனென்றால் அதை மாட்டியதே அவர்.

பிரிட்டனில் இத்தகைய கார் பெரும்பாலும் இரண்டாவது வண்டிதான். குளிர்காலத்தில் சாலையில் ஓட்டவில்லை என்று அரசுக்கு அறிவித்துவிட்டு, அடுத்த மாற்றத்துக்காகப் பிரித்துப் போடுவார்கள். வசந்தத்தில் வெளியே எடுத்துப் பந்தயத் தளங்களில் கட்டணம் செலுத்தி ஓட்டும் நாள்களுக்குப் போவார்கள். கூரை என்று பெயருக்கு ஒன்று இருக்கும். மழைக்கு அது ஈடுகொடுக்காது. சாமான் வைக்க இடம் கிடையாது. இந்தக் குறைகளையெல்லாம் தெரிந்தே ஏற்றவர்கள் ஒருவரையொருவர் கண்டதும் கையசைப்பார்கள். தெரியாத ஊரில் கார் நின்றுவிட்டால் இன்னொரு கிட் காரர் ஸ்பானரோடு வந்து சேர்வார். ஸ்டோன்லியில் நடந்துவந்த தேசியக் கிட் கார் கண்காட்சி போன்ற கூடல்களில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் தான் கண்ட தீர்வை இன்னொருவருக்கு விளக்குவதைப் பார்க்கலாம். வயதானவரின் அனுபவம் இளையவருக்குப் போகும் பாதை அதுதான்.

மறுப்புகள்

இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரான வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது பாதுகாப்பு. செவன் வகைக் காரில் ஏர்பேக் இல்லை, மோதலின் வேகத்தை உறிஞ்சும் முன்பகுதி இல்லை, பலவற்றில் ஏபிஎஸ் இல்லை. லாரி ஓட்டுநரின் கண்ணில் படாத உயரம். ரோல்பார், நல்ல பெல்ட், மோதலைத் தவிர்க்க உதவும் பிரேக், ஸ்டியரிங் ஆகியவை ஓரளவு ஈடு செய்யும், முழுதும் அல்ல. இதை ஒப்புக்கொண்டவர் மட்டுமே அதில் உட்கார வேண்டும்.

இரண்டாவது, முடியாமல் கிடக்கும் வேலைகள். உற்சாகத்தில் வாங்கிய கிட்டுகள் ஷெட்டில் தூசி படிந்து, பிறகு பாதி விலைக்கு விற்பனைக்கு வருவதை இந்த வட்டாரத்தில் எவரும் அறிவர். குழந்தை பிறக்கும், வீடு மாறும், முதுகு வலிக்கும். தன் நேரத்தையும் குடும்பத்தின் பொறுமையையும் சரியாக அளந்து, அதற்கேற்ற நிலையைத் தேர்வதே இதற்கு மருந்து. வெல்டிங் கற்றிராதவர் முதல் முயற்சியிலேயே லோகாஸ்டில் இறங்குவதைவிட, பெட்டியில் வரும் காரைப் பூட்டிப் பழகலாம்.

மூன்றாவது, புகை. பெட்ரோல் எஞ்சினின் காலம் முடிகிறது. 2023-இல் கேட்டரம், 700 கிலோவுக்குக் குறைந்த எடையில் மின்சாரச் செவன் ஒன்றைச் சோதனை வடிவில் காட்டியது. பேட்டரியின் எடை இலேசுக்குப் பகை என்பது உண்மை. ஆனால் கிட் கார் எப்போதுமே தெருவில் மலிவாகக் கிடைத்த காரின் உறுப்புகளை உண்டு வளர்ந்தது. ஆஸ்டின் செவன், எஸ்கார்ட், சியரா, எம்எக்ஸ்-5 என்ற வரிசையில் நாளை ஒரு பழைய மின்சாரக் கார் வரும். மோட்டாரும் கன்ட்ரோலரும் பொருத்துவது கற்க வேண்டிய புதிய பாடம். அதிக வோல்டேஜ் என்பதால் பயிற்சியும் சோதனையும் இன்னும் கறாராக வேண்டும்.

நம் ஊரில்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அமைப்பிலிருந்து மாற்றி வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. புது வாகன மாதிரி சாலைக்கு வரவேண்டுமானால் புனே, மானேசர், ஒரகடம் போன்ற இடங்களிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் முழு மாதிரிச் சோதனை செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கப்போகும் நிறுவனத்துக்கான முறை அது. தனக்கென்று ஒரே காரைக் கட்டும் மனிதரை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. 2000-களின் தொடக்கத்தில் சிங்காரா மோட்டார்ஸ் செவன் வகை ரோட்ஸ்டர் ஒன்றை இசுசு 1.8 லிட்டர் எஞ்சினோடு செய்தது. அது ஒரு தொடர்ச்சியை உருவாக்காமலே போனது.

திறமை இல்லாததால் இந்த நிலை என்று யாரும் சொல்ல முடியாது. கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். எளிய எஞ்சின், குழாய்க் கூண்டுச் சேசிஸ், குறைந்த செலவு: லோகாஸ்டின் தர்க்கமே. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகைக் கார். 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய செட்டிபாளையம் பந்தயத் தளத்தில் இன்று பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கூடுகிறார்கள். அவர்கள் வெல்டிங் செய்த கூண்டும் கணக்கிட்ட பிரேக்கும் நடுவர்களின் கறாரான சோதனையில் தேறுகின்றன. படிப்பு முடிந்ததும் அந்தத் திறமைக்குச் சாலையில் இடமில்லை.

கரூரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சினோடு வரும் சேசிஸின்மேல் பட்டறையில் பேருந்துப் பாடி கட்டும் தொழில் அங்கே தலைமுறைகளாக நடக்கிறது. அதற்கென்று நாட்டில் பேருந்துப் பாடி விதித்தொகுப்பு உண்டு. கட்டுபவர்களுக்கு அங்கீகாரமும் உண்டு. ஐம்பது பேர் ஏறும் வாகனத்தைத் தொழிற்சாலைக்கு வெளியே கட்ட விதியும் சோதனையும் வகுக்க முடிந்தது. மறுபுறம், சென்னைத் தெருக்களில் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் பூட்டிய மீன்பாடி வண்டிகள் எந்தச் சோதனையும் இல்லாமல் ஓடின. வழி அடைக்கப்பட்டால் கட்டுவது நிற்பதில்லை, சோதனைதான் நின்றுபோகிறது.

ஆகவே ஒரு முன்மொழிவு. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற காரின் எஞ்சின், பிரேக், விளக்குகள் ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும். ஒருவர் சில ஆண்டுகளுக்கு ஒரு வாகனம் மட்டுமே கட்டலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது. கட்டிய ஒவ்வொரு கட்டத்தின் படமும் ரசீதும் காட்ட வேண்டும். ஒரகடம் போன்ற நிலையத்தில் பிரேக், ஸ்டியரிங், பெல்ட், புகை, விளிம்புகள் என்று தனி வாகனச் சோதனை நடக்க வேண்டும். பிரிட்டன் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடத்திக் காட்டிய முறை இது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

இதனால் சாலையில் கூடப்போகும் கார்கள் சில நூறாகவே இருக்கும். பயன் அந்த எண்ணிக்கையில் அடங்காது. பிரேக் ஏன் அந்த இடத்தில் பூட்ட வேண்டும், எர்த் ஏன் தவறுகிறது, சேசிஸ் ஏன் முறுக்கக் கூடாது என்று கைவழியே கற்றவர்கள் ஒரு சமூகத்துக்கு வேண்டும். வாகன உற்பத்தியில் பெயர்பெற்ற தமிழ்நாட்டில் பிறந்த ஒரு மெக்கானிக்கோ மாணவியோ, தான் கட்டிய காரைச் சோதனைக்கு நிறுத்தும் உரிமையாவது பெற வேண்டும். தேறாதது ஷெட்டுக்குத் திரும்பட்டும். தேறியது மற்ற எந்தக் காருக்கும் சமமாகச் சாலையில் ஓடட்டும்.